கிளி செதுக்கிய பிடி

ரிஷிவந்தியம் பக்கத்துக் கரும்புக் காடுகளில் காசியம்மாளின் வெட்டுக்கு ஈடு கொடுக்க ஆம்பளைகளே திணறுவார்கள். அவள் கத்தியைப் பார்த்தாலோ யாருக்கும் தொடவே மனசு வராது. கருவேலங்கட்டையில் பிடி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றியிருப்பாள். அசிங்கமோ அசிங்கம். ஆனால் வேர்வையும் கரும்புச் சாறும் வழிந்தாலும் துளிகூட நழுவாது. புருஷன் செத்தபிறகு மகன் கவியரசனை ஆளாக்கியதே அந்தக் கத்திதான்.

கவியரசன் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறையில் சேர்ந்தான். தொழில் கைக்கு வந்ததும் முதல் காரியமாக அம்மாவின் கத்திக்குப் புதுப்பிடி போட்டான். வாகை மரத்தில் பூங்கொடி, கொடியின் நுனியில் ஒரு கிளி, மேலே பளபளவென்று வார்னிஷ். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலைக்காரன். பிடித்த மாத்திரத்தில் காசியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இது வழுக்கும் என்று. சொல்ல வாய் வந்தால்தானே!

பருவத்தின் முதல் வெட்டுக்கு முன்னால் கத்திகளை வரப்பில் வரிசையாக வைத்துச் சூடம் காட்டுவது அவர்கள் வழக்கம். அன்றைக்கு எல்லார் கண்ணும் கிளிமேல்தான். கவியரசன் பூரித்துப்போய் போனில் படம் எடுத்தான். அவள் மடியில் டியூப் இருந்தது. எடுத்துச் சுற்றியிருக்கலாம். மகன் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். பெற்றவளுக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்யுமா என்ன?

வெயில் ஏறுவதற்குள் பிடி சாற்றில் நனைந்துவிட்டது. ஓங்கிய கத்தி உள்ளங்கைக்குள்ளேயே திரும்பி, கரும்பைப் பிடித்திருந்த இடது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் கீழே கிடந்த காய்ந்த கரும்புச் சோகைக்குள் விழுந்தன. ஆஸ்பத்திரியில் மகன் தேம்பியபோது, "கத்தி இன்னாடா பண்ணும்? எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு" என்றாள். பாவி, அவனும் நம்பினான்.

அந்தப் பொய் மறுவருஷம் வாசலுக்கு வந்து நின்றது. மாமியாருக்குப் பதிலாக மருமகள் தனுஷா வெட்டுக்குக் கிளம்பினாள். கவியரசன் அவளுக்கும் ஒரு கத்தி கொண்டுவந்தான். இந்தத் தடவை ஜோடிக் கிளி. தனுஷா அதைத் தடவித் தடவிச் சிரித்தாள்.

காசியம்மாள் அவளிடம் கை நீட்டினாள். கத்தியை வாங்கினாள். அலகைச் சாக்கில் சுருட்டி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். டியூப்பின் ஒரு நுனியைப் பல்லால் கடித்து, வலது கையால் கிளிகளின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினாள்.

பார்த்துப் பார்த்துச் செதுக்கியதை இப்படி மூடுகிறாயே என்று கவியரசன் பதறினான். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்கே இப்டி சுத்தியிருந்தா என் விரலு இருந்திருக்கும்டா. உன் மூஞ்சியப் பாத்துக்கினு வுட்டுட்டேன்."

கவியரசன் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு சரி, பட்டறைப் பக்கமே போகவில்லை. லாரியில் கரும்பு ஏற்றுகிறான். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் உளியைத் தொட மாட்டேன் என்கிறான். தனுஷாவுக்குப் பத்து விரலும் இருக்கிறது.