விமானத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு

அந்த இன்ஸ்பெக்டர் எனக்குச் செய்தது அநியாயம். புறப்படத் தயாராக நின்ற விமானத்திலிருந்து என் மனைவியை இறக்கிவிட்டார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: வேங்கிக்காலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். விமானப் பாடமெல்லாம் கடையில் உட்கார்ந்து நானே புத்தகம் வாங்கிப் படித்தது. ஓட்டிப் பழக ஆசிரியர் வேண்டும் என்று சட்டம் சொன்னதால் ஒருவரை வைத்துக்கொண்டேன். சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்ஸ் இல்லை, சொந்த ஆசைக்கு ஓட்டுவது. காரில் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஓடுதளம் இருக்கிறது. அங்கே இரண்டு பேர் உட்காரும் விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறப்பேன்.

என் மனைவி சரோஜா அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

பௌர்ணமி தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கிரிவலம் போனவள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. ஆட்டோவில் சுற்றிவரவும் சம்மதிக்கவில்லை. ("ஆட்டோல சுத்தறதுக்கு வூட்லயே உக்காந்து கும்பிடலாம்.")

போன மாதம் அவளாகவே கேட்டாள்: "ஏங்க, உங்க ப்ளேன்ல இருந்து பார்த்தா மலை முழுசாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டு ரொம்ப நாளாயிற்று.

(மலைக்கும் கோயிலுக்கும் நேர் மேலே போவதாக இல்லை. எட்ட இருந்து ஒரு சுற்றுதான். அனுமதி வாங்கியாயிற்று. கமெண்டில் வந்து சட்டம் பேச வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். பறப்பதற்கு முன் விமானி செய்ய வேண்டியபடி விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பிறகு காற்று எப்படி என்று விசாரிக்க அலுவலகத்துக்குள் போனேன். திரும்பி வருவதற்குள் சரோஜா பூஜையை முடித்திருந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், விமானத்துக்குச் சந்தனம், குங்குமம். ரோட்டில் போகிற வண்டிக்கே செய்கிறோம், ஆகாயத்தில் போகிற வண்டிக்குச் செய்யக் கூடாதா?

அவளைக் கைபிடித்து ஏற்றி பெல்ட்டும் போட்டுவிட்டேன். அப்போதுதான் அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து விமானப் பாதுகாப்பைச் சோதிக்கிற அதிகாரி. முப்பது வயதுப் பெண். லைசென்ஸ் கேட்டார், மருத்துவச் சான்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு விமானத்தைச் சுற்றி நடந்தவர் இடது பக்கம் நின்றுவிட்டார்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. இது என்ன?"

"சந்தனம் மேடம்."

"எங்க வெச்சிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். அங்கே காசு அளவில் ஒரு வட்டத் தகடு, நடுவில் ஊசித் துளை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் துளை வழியாகப் போனால்தான் உயரம் காட்டும் மீட்டர் வேலை செய்யும். இப்போது துளையைக் காணோம். சந்தனமும் அதன் மேல் குங்குமமும்தான் இருந்தன.

சரோஜா உள்ளிருந்தே சொன்னாள்: "அதுவாம்மா? வட்டமா, பளபளன்னு, பொட்டு வெக்கறதுக்குன்னே பண்ணி வெச்ச மாதிரி இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம், ஊதிடறேன்" என்று குனிந்தேன். கடையில் எந்தத் தூசியையும் ஊதியே எடுத்தவன் நான்.

"ஊதாதீங்க சார், உள்ள மீட்டர் போயிடும். எஞ்சினியர் வந்து சுத்தம் பண்ணி டெஸ்ட் பண்ணட்டும்."

"அவர் ஆரணிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"அப்போ இன்னிக்கு இல்ல சார்."

"எனக்கு மீட்டரே வேணாம் மேடம். கீழ பார்த்தே உயரம் சொல்லுவேன். அளந்துக்க மலையே இருக்குது."

"மலை இருக்கறதாலதான் சார் மீட்டர் வேணும். நீங்க எப்ப செக் பண்ணீங்க?"

"பூஜைக்கு முன்னாடி."

"பூஜைக்கு அப்புறம்?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அப்படிச் சும்மா நின்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த முழங்காலோடு ஏறியவளை மறுபடி இறக்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரே வந்து இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். கீழே கால் வைத்ததும் சரோஜா டப்பாவைத் திறந்தாள்.

"சுண்டல் சாப்டும்மா. வெயில்ல அலையற."

"டூட்டியில வாங்கக் கூடாதும்மா."

"இது என்ன லஞ்சமா? பிரசாதம்மா."

வாங்கிக்கொண்டார். சரோஜா குங்குமச் சிமிழை எடுத்ததும் நெற்றியைக் காட்டிக் குனிந்தார். "இங்க தாராளமா வைங்கம்மா. இங்க மீட்டர் எதுவும் இல்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் சரோஜா தங்கையிடம் போனில் பேசினாள். "ஆமாண்டி, நான் வெச்ச பொட்டுல ப்ளேனே நின்னுபோச்சு." அதில் என்ன பெருமையோ. போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, அந்தப் பொண்ணு பார்க்காம நாம மேல போயிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

ஆகவே நடக்க வேண்டியவை.

எஞ்சினியர் ஊருக்குப் போகும் நாளில் தனக்குப் பதில் ஒரு ஆளை வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தகட்டை மூடக் கூடாது என்று ஓடுதளத்துக்காரர்கள் தமிழிலும் எழுதி ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் சரோஜாவுக்கு யார் படித்துக் காட்டுவது? இன்ஸ்பெக்டர் வரும் ஞாயிறும் வர வேண்டும். இறக்கிவிட்டவரே கைபிடித்து ஏற்றிவிட வேண்டும். (சுண்டல் உண்டு.) சரோஜா விமானத்தின் மூக்கில் மட்டும் பொட்டு வைக்க வேண்டும்.

நான், பூஜை முடிந்த பிறகு விமானத்தை இன்னொரு முறை சுற்றிவர வேண்டும். இது இன்ஸ்பெக்டருக்காக இல்லை. வீட்டுக்கு வந்ததும் சரோஜா கேட்ட இன்னொரு கேள்விக்காக:

"அவ்வளோ பெரிய மலையையே சுத்தனவரு, இந்தத் துக்கினிக்காண்டு ப்ளேனை ரெண்டாவது வாட்டி சுத்துனா காலு தேஞ்சிடுமா?"