காலியான குவார்ட்டர்ஸ்

அரசு டாக்டர்களுக்கான பணியிடக் கலந்தாய்வில், மலையடிவார ஆஸ்பத்திரி இடம் காலியாக இருந்தும் சேலத்தைக் கேட்டு வாங்கி வெளியே வந்தேன். கையில் தேய்த்த ஸ்பிரிட்டின் வாசனை, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் இப்போது இடித்துவிட்ட டாக்டர் குவார்ட்டர்ஸுக்கு என்னை இழுத்துப்போனது. மலைக்காற்றில் ஜன்னல்கள் நாளெல்லாம் அடித்துக்கொள்ளும், டாக்டரம்மா ஊசிகளைக் கொதிக்கவைக்கும் ஆவியில் சுவர்கள் வியர்க்கும். நாங்கள் பக்கத்து வீடு. ஒரு வைகாசியில் அவர் சாமான்களை வண்டியில் ஏற்றினார்.

“ஏனுங்க டாக்டரம்மா, நெசமாவே போறீங்களா?” நிறைமாதமாயிருந்த அம்மா கேட்டாள்.

“எங்க பாப்பாவுக்கு இங்க நல்ல பள்ளிக்கூடம் இல்லீங்களே. வேற டாக்டர் வருவாங்க.”

யாரும் வரவில்லை. பத்தாம் நாள் வலி கண்டதும், அப்பா வாடகைக் கார் பிடித்தார். நாமக்கல் சேருமுன்னே அம்மாவின் கை என் கைக்குள் குளிர்ந்துவிட்டது.

டாக்டரம்மாவை வெகுகாலம் சபித்தேன். வரும் ஜூனில் என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு.