பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்கள்

எங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தது 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. சரியாக இருபத்தெட்டாம் நாள் பொங்கல். வெள்ளையடிக்காமல் பொங்கல் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சுவரில் நீர் நின்ற கறையைச் சுரண்டி எல்லோரும் வெள்ளையடித்தோம். நானும்தான். தண்ணீர் ஏறிய அளவுதான் என் நோட்டில் இருக்கிறதே.

பிறகு, தெருமுனை மின்பெட்டியை உயரமான மேடையில் வைப்பதற்காகத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விசாரிக்க ஒரு பெண் பொறியாளர் வந்தார். என் மனைவிக்கு மூச்சுவிட உதவும் கருவி அந்தப் பெட்டி தரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. வெள்ளத்தில் பெட்டி மூழ்கியதும் கருவி நின்றுவிட்டது. அவளை எதிர்வீட்டு மாடிக்குத் தூக்கிப்போய், எங்கிருந்தோ ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அந்த எதிர்வீட்டு அண்ணாச்சிதான் இப்போது முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"முட்டளவு வந்திருக்கும்மா. அதுக்கு மேல இல்ல."

முட்டளவா, வெறும் முழங்கால் வரையா? அன்று அவர் வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். ஒரு வாரமாக அவர் வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துபோவதையும் பார்த்திருந்தேன். வெள்ளம் புகுந்த வீடு என்றால் யார் வாங்குவார்? நான் நோட்டை நீட்டினேன்: தேதி, மணி, தார்ச்சாலையிலிருந்து நீர்மட்டம்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எந்த ரோட்டுலேருந்து அளந்தீரு வே? பழசுக்கு மேலயே புதுசு போட்டுட்டானே. இப்ப அத எங்கன போய்த் தேடுவீரு?"

பொறியாளரும் அதையே மென்மையாகச் சொன்னார். சாலை எவ்வளவு உயர்ந்தது என்று நான் குறித்து வைத்திருக்கவில்லை. ஊர் சொல்லும் அளவை நம்பாமல் நோட்டில் குறித்தவன், காலடியைக் கவனிக்கவில்லை.

அடையாளம் எதுவும் இல்லையென்றால் முட்டளவு என்றே எழுத வேண்டியிருக்கும் என்றார். அப்போதுதான் மனைவியின் கருவியைப் பற்றி அவரிடம் சொன்னேன். அண்ணாச்சி தன் வீட்டுப் படியில் ஏறினார். பிறகு, "உள்ள வாங்க" என்று கூப்பிட்டுப்போய், நடுவீட்டுப் பீரோவைப் பிடித்து இழுத்தார். வெள்ளையடித்தவர்கள் பீரோவை நகர்த்தவில்லை. அதன் பின்னால், பொறியாளரின் இடுப்பளவில், சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. அவர் அளந்து எழுதிக்கொண்டார்.

மேடை கட்டி முடித்த பிறகும் அதன் உயரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபை இரவல் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பீரோ பழையபடி சுவரை ஒட்டி நின்றது.

"நாளைக்கு வீடு பாக்க ஆளு வருதாவ. பைய இழுத்துப் பாத்துட்டு, இருந்த மாதிரியே வச்சிட்டுப் போரும்" என்றார்.

மேடை, சேற்றுக்கோட்டைவிட இரண்டு செங்கல் உயரம் இருந்தது. பீரோவை நானே திரும்பத் தள்ளி வைத்தேன்.