மாடத்தி முதலில் சாப்பிட்ட நாள்

மாடத்தி என் மருமகள். அவளை அடித்தவன் நான் பெற்ற மகன் தனுஷ்கோடி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அப்படியே எழுதிக்கொள்.

அச்சங்குளம் பட்டாசு ஆபீசில் மாடத்தியைப்போல் வேகமாகத் திரி வைக்க ஆள் கிடையாது. ஒருநாள் பசி தாங்காமல் புருஷனுக்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். அதற்காக அவள் வலக்கை விரல் இரண்டை ஒடித்தான். அதோடு திரி வைக்கிற வேலை போயிற்று. இப்போது பெட்டி ஒட்டுகிறாள். அவன் அப்பனும் இதே குற்றத்துக்குத்தான் என்னை அடித்தார். நான் பழி தீர்க்குமுன் அந்த மனுஷன் செத்தும் போனார்.

இரண்டாயிரத்து எட்டில் வழக்கு நடந்தது. பெண்டாட்டியை அடிக்கிறவர்களுக்குச் சாத்தூரில் ஒரு சங்கம் நடத்தும் வகுப்பில் பன்னிரண்டு வாரம் இருந்து, திருந்திவிட்டான் என்று தாள் வாங்கினால்தான் அவன் வீட்டுக்குள் வரலாம் என்றது கோர்ட்டு.

பதினோராம் வாரம் குழாயடியில் மாடத்தியிடம் முனகினான்: "பேப்பரு கைக்கு வரட்டும்ட்டி. மிச்ச விரலையும் பாத்துக்கிடுதேன்."

வகுப்பு நடத்தும் மஹ்ரீனிடம் போய்ச் சொன்னேன். விருதுநகர்ப் பெண், நல்ல பிள்ளை.

"பாட்டி, அவர் ஒரு வாரம்கூட லீவு போடலை. எங்க விதிப்படி வருகைதான் கணக்கு."

"ஏந்தாயி, வெடி எம்புட்டு நாள் காஞ்சுச்சுன்னு பாத்தா போதுமா? ஒண்ணைக் கொளுத்திப் பாக்காம லோடு ஏத்துவாகளா? அடிபட்டவளை ஒரு வார்த்தை கேட்டீகளா?"

 வகுப்பு முடிகிற கடைசி வாரம் அங்கே போடும் சாப்பாட்டுக்கு அவள் எங்களையும் வரச் சொன்னாள்.

தான் செய்யப்போவதை மாடத்தி என்னிடம்கூடச் சொல்லவில்லை. இலையில் சோறு விழுந்ததும், அவன் கைகழுவி வருவதற்குள், அந்தக் கோணல் விரல்களாலேயே பிசைந்து வாயில் வைத்தாள்.

"ஏட்டி, எனக்கு முன்னாடியே திங்கியா?"

இலையை எத்திவிட்டு அவள் கொண்டையைப் பிடித்தான். வகுப்புக்கு வந்த மற்ற புருஷன்மார்தான் ஓடிவந்து பிடித்து இழுத்தார்கள்.

"ஏலே, வகுப்புல நீதானலே மொத ஆளு!" என்று ஒருவன் சிரித்தான்.

"ஆத்தா, இவ வேணும்னே செஞ்சா."

"ஆமலே, வேணும்னேதான் செஞ்சா. இன்னொரு தரமும் செய்வா, பாரு."

மஹ்ரீன் அவன் தாளைக் கிழித்தாள். பெண்டாட்டியைத் தனியே வைத்துக் கேட்டு, பயமில்லை என்று அவள் வாயால் சொல்லாமல் இனி யாருக்கும் தாள் கிடையாது என்று அன்றே விதி எழுதினாள். தனுஷ்கோடிக்கு மறுபடி முதல் வாரத்திலிருந்து வகுப்பு.

நான் புது இலை போட்டேன். மாடத்தி நிதானமாகச் சாப்பிட்டாள், மோருக்கும் சோறு கேட்டாள். அவன் பசியோடு வாசலில் நின்று பார்த்தான். எனக்கு வயிறு நிறைந்தது.