குழாயைப் பிடித்தவள்

குத்தம்பாக்கத்துப் பக்கம் கூவம் இன்னும் தெளிவாகத்தான் ஓடுகிறது. கணவன் இறந்தபின் நாகவல்லி அதன் கரையில் கீரை போட்டுத்தான் மகளைப் படிக்கவைத்தாள்.

ஒருநாள் விடியற்காலையில் கழிவுநீர் லாரி ஒன்று கரைக்கு வந்தது. ஓட்டுநர் குழாயை ஆற்றுக்குள் இறக்கினான். நாகவல்லி ஓடிப்போய் அதை மேட்டுக்கு இழுத்து, வாயைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"உட்டுடும்மா! தொறந்தா உம்மேலதான் ஊத்தும்."

"ஊத்து. இந்தத் தண்ணி ஊறித்தான் எங்க ஊரு போர்ல வருது. புள்ளைங்க குடிக்குதுங்க."

அவன் ஆத்திரத்தில் வால்வைத் திறந்தான். கறுப்புநீர் அவள் முகத்தில் அடித்தது. மூச்சு முட்டியும் அவள் பிடியை விடவில்லை.

"இன்னாம்மா நீ!" என்று பதறி வால்வை மூடினான். தன் குடிதண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு லாரியைத் திருப்பினான். அவள் அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு கீரைப் பாத்திக்குத் திரும்பினாள்.