நூற்றுப்பத்து வோல்ட் மிக்சியும் திருமழபாடிக் காதுகுத்தும்

இனி நான் சொல்லப்போவதை நம்புவதற்கு இந்தப் பூமண்டலத்தில் ஓர் ஆள்கூட இல்லை. இதைக் கற்பூரம் அடிக்காத குறையாக, முதலிலேயே உறுதிகூறிவிடுகிறேன். நம்பித்தான் தீருவேன் என்றால் அது உங்கள் பொறுப்பு.

வெளிநாட்டிலிருந்து மின்சாதனம் கொண்டுவருகிறவர்களுக்கும், பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் திருமழபாடி போக நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். வருடம் எண்பத்தைந்து. சவுதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து, அந்தப் பாலைவனத்துக்கே ஜலதோஷம் பிடிக்க வைத்துவிட்டு, முதல் விடுப்பில் பெரம்பலூர் வந்திருந்தேன். திருமழபாடியில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். சீர்வரிசையில் ஒரு ஜப்பான் மிக்சி வைப்பதாகக் கடிதத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தேன். அக்காவும் அதை ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

இங்கேதான் ஒரு சிக்கல். அங்கே நான் இருந்த வீட்டில் மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். நம் ஊரில் இருநூற்று முப்பது. அந்த மிக்சியை இங்கே நேராகச் செருகினால் ஒரு நொடி தேவலோக வேகத்தில் சுற்றும். மறுநொடி புகையாகித் தேவலோகத்துக்கே போய்விடும். அதனால் வோல்டேஜைப் பாதியாக இறக்கும் டிரான்ஸ்பார்மர் பெட்டி ஒன்றையும் தூக்கிவந்தேன். கருப்பு இரும்புப் பெட்டி. கனம், கோயில் நந்தியில் முக்கால் பங்கு.

காலை ஆறு மணிக்குப் பெரம்பலூரில் பஸ். அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஏழு சீர்த்தட்டுகளையும், அவற்றைக் கட்டிய சித்தியையும் பார்த்ததும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“லக்கேஜ் போடணும் சார்.”

“இது லக்கேஜ் இல்லண்ணே, சீரு.”

“சீருன்னா பஸ்ஸுக்குக் கனக்காதா?”

ஏழு தட்டுக்கும் லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன். அரியலூரில் பஸ் மாறும்போது சுண்ணாம்புப் புழுதி ஏறி, எனக்கு வயது எண்பது ஆகியிருந்தது. டீ குடித்ததும் மறுபடி முப்பதானேன். அங்கிருந்து திருமழபாடிக்கு இன்னொரு ஒன்றேகால் மணி நேரம்.

மேளத்தோடு சீர் இறங்கியது. மிக்சித் தட்டைப் பிரித்தேன். மிக்சி இருந்தது. பெட்டி இல்லை.

“சித்தி, அந்தக் கருப்புப் பெட்டி எங்க?”

“நல்ல காரியத்துக்குக் கருப்புச் சாமானைத் தட்டுல வைப்பாங்களாடா? வூட்டுலயே எடுத்து வச்சிட்டேன். நீ பதறுவியேன்னுதான் சொல்லல.”

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பந்திக்குத் தேங்காய்ச் சட்னி மாமன் மிக்சியில்தான் அரைபடும் என்று அவள் சபதமே போட்டிருந்தாள். அவள் மாமியார் பந்தலுக்கு நடுவில் நின்று கேட்டார்: “ஏம்மா, ஒன் தம்பி சீரு பாக்க மட்டுந்தானா, அரைக்கவும் செய்யுமா? ஆட்டுக்கல்லக் கழுவி வைக்கட்டா?”

பெரம்பலூர் போய்த் திரும்பினால் பந்தி முடிந்து இலையும் காய்ந்திருக்கும். அப்போதுதான் மச்சான் வீட்டு ஸ்டெபிலைசர் கண்ணில் பட்டது. டிவி வாங்குவதற்கு முன்பே ஸ்டெபிலைசர் வாங்கிய குடும்பம் அது. வீட்டுக்கு வரும் வோல்டேஜைக் காட்டும் அதன் முள் நூற்றுத்தொண்ணூறில் நின்றது. கொள்ளிடக் கரையில் வயல்மோட்டார்கள் ஓடினால் வீட்டு பல்பு மங்கும் என்பது ஊரறிந்த துயரம். என் ஒருவனுக்கு மட்டும் அது வரமாகத் தெரிந்தது: முள் நூற்றிருபது வரை இறங்கினால் பெட்டி இல்லாமலே மிக்சி ஓடும். மச்சானின் பங்காளி கோவிந்தராசு மாமா வயலுக்கு ஓடினேன்.

“மாமா, மோட்டாரைப் போட்டு வுடுங்க!”

“இப்பத்தானய்யா பாய்ச்சி நிறுத்துனேன். எல்லாரும் மோட்டார நிறுத்தச் சொல்லித்தான் சண்டைக்கு வருவாங்க. நீ என்ன, போடச் சொல்ற?”

“அக்கா மானம் போவுது மாமா!”

“அத மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று அவர் வரப்பில் ஏறி நின்று ஒரு குரல் விட்டார். கேட்டதும் கரை நெடுக மோட்டார்கள் ஓடத் தொடங்கின. ஆயிரம் இருக்கும். கொள்ளிடமே ஒரு முழம் உள்வாங்கியது.

நான் பந்தலுக்குத் திரும்பியபோது முள் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றறுபதில் மின்விசிறி இறக்கைகளை எண்ண முடிந்தது. நூற்று நாற்பதில் ஒலிபெருக்கி இசைத்தட்டின் பாடகி ஆண்குரலுக்கு இறங்கினார். நூற்று முப்பதில் எருமையானார். “எவன்யா மோட்டாரப் போட்டது?” என்று ரேடியோ செட்காரர் அலறினார். முள் நூற்றிருபதைத் தொட்டதும் மிக்சி பிளக்கைச் சுவரில் நேராகச் செருகினேன்.

மிக்சி ஓடியது! அந்த முழக்கம் கங்கைகொண்ட சோழபுரம் வரை கேட்டு, அங்கே ஆள்கள் மழை வருமென்று முந்திரிக்கொட்டையை உள்ளே எடுத்து வைத்ததாகப் பின்னால் தகவல் வந்தது. ஐந்து ஜார் சட்னி. மச்சான் என்னைத் தோளில் தூக்கிக்கொள்ள வந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதால் கைகுலுக்கினார்.

பயணிகளுக்குச் சில வார்த்தைகள். வெளிநாட்டுச் சாமான் வாங்கும்போது அதன் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். டிரான்ஸ்பார்மரின் வாட்ஸ், சாமானுடையதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். பெட்டி கருப்பென்றால் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிடுங்கள். ஊர் மோட்டார்களை நம்பி எதையும் செருகாதீர்கள்; ஒருவர் நிறுத்தினாலும் போயிற்று. காலை பஸ்ஸில் அரியலூரிலிருந்து வலப்பக்க ஜன்னல் பிடித்தால் வெயில் படாது.

ஆயிரம் மோட்டார், எருமைக்குரல், சோழபுரத்து முந்திரிக்கொட்டை எல்லாம் என் கைச்சரக்கு. ஒரு சின்ன விஷயம் மட்டும் சத்தியமாக நடந்தது. மாமியார் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்து, “உப்பு கம்மி” என்றார். அக்கா ஜாரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“உப்பு ஒங்க வூட்டு உப்புங்க அத்தை. மிக்சி மட்டுந்தான் என் தம்பியோடது.”