நான்கு கொரியச் சொற்கள்

எனக்குக் கொரிய மொழியில் நான்கு சொற்கள் தெரியும். முல் என்றால் தண்ணீர். பாப் என்றால் சோறு. இஸ்ஸோ, இருக்கிறது. ஒப்சோ, இல்லை. நான்கையும் நெய்வேலி குவார்ட்டர்ஸ் சமையலறையில்தான் கற்றேன்.

என் கணவர் சுரங்கத்தில் சேருமுன் பட்டாளத்தில் இருந்தவர். கொரியாவில் சண்டை ஓய்ந்த சமயம் அங்கே போன நம் படையில் ஆஸ்பத்திரி ஆர்டர்லி. நோயாளிகளிடம் காலம் தள்ளத் தேவையான சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் பத்து நாள் இருக்க வந்து ஒரு வருடம் இருந்தார்கள். பெரியவர்கள் எதிரில் நான் புருஷனோடு பேசக் கூடாது. மாமனார் எதிரில் வாயே திறக்கக் கூடாது. ஒரு கூடமும் ஓர் அறையுமான வீட்டில் அவர்கள் எதிரில் இல்லாத நேரம் ஏது? அதற்குத்தான் கொரிய மொழி. விருந்தாளியோடு கணவர் சாப்பிடும்போது பானை காலியானால், உள்ளிருந்து "பாப் ஒப்சோ" என்பேன். அவர் மறுசோறு வேண்டாமென்று எழுந்துவிடுவார். நான் பூனை விரட்டுகிறேன் என்று மாமியார் நினைத்தார். டவுன்ஷிப்பில் பூனைத் தொல்லை அதிகம் என்று அக்கம்பக்கத்திலும் சொல்லி வந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கர்வம்.

ஆசிரியப் பயிற்சி முடித்திருந்த எனக்கு டவுன்ஷிப் பள்ளிக்கூடத்திலிருந்து வேலை உத்தரவு வந்தது. அதுவரை எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. கணவரும் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் மாமனார் கூடத்தில் அவரை உட்காரவைத்து, "என்னாடா சொல்ற, அனுப்பலாமா?" என்று கேட்டபோது தரையைப் பார்த்தார். பொறுக்கமாட்டாமல், அவர் சம்மதம் இருக்கிறதா என்று சமையலறையிலிருந்து கேட்டேன்.

"இஸ்ஸோ?"

தரையைப் பார்த்தபடியே, "ஒப்சோ" என்றார். மாமனார் பூனை எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

தமிழில் மறுத்திருந்தால் அப்பாவுக்குப் பயந்த பிள்ளை என்று விட்டிருப்பேன். இது எனக்கு மட்டும் சொன்னது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நிலைப்படிக்கு வந்து நின்றேன்.

"மாமா, நான் வேலைக்குப் போறேங்க."

மாமனார் மகனைப் பார்த்தார். பிறகு, "அதான் சொல்லுதே, போவட்டும்" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். அதற்குப் பிறகு பானை காலியானால், "சோறு தீந்துபோச்சு" என்று கூடத்தில் எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்.